ஓநாயின் எண்ணெய்க் குளியல்

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய சனிக்கிழமைகளில் அன்சி அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள், அவள் எழுவதற்குள் துணியை எடுத்து மடித்துவிடலாம், மலைப்பக்கம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது என்றுதான் மாடி ஏறினேன், ஏறி முதலில் பார்த்தது துணியை அல்ல, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்த அவர் தலையை. அவர் தலை என்று எனக்கே வந்துவிடுகிறது, பிள்ளையோடு பேசிப் பேசி. என் வீட்டுக்காரர் ஆன்றோவின் தலை கோயில் கல்லறையில் அவரோடுதான் இருக்கிறது, ஆனி மாதத்திலிருந்து. இது ரப்பர், ஓநாய் மனிதனின் முகமூடி, தலையோடு கழுத்துவரை இழுத்து மாட்டுகிறது, பழைய பேய்ப்படங்களின் பூதங்களையெல்லாம் அவர் அலமாரியில் சேர்த்து வைத்திருந்தாரே அதில் ஒன்று, ஒன்று என்ன, அந்த ஒன்றுதான். அன்சியின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் தெர்மகோல் தலையில் மாட்டி உட்கார்ந்திருக்க வேண்டியது இங்கே எப்படி வந்தது, கழுத்தில் அவளுடைய வாத்துப் படம் போட்ட மஞ்சள் துண்டு, உச்சி மயிரெல்லாம் சடைபிடித்து ஒட்டிப்போய், அந்த மணம், ஐயோ, காலையில் நான் காய்ச்சின தேங்காய் எண்ணெயின் மணம், மிளகும் துளசியும் போட்டுக் காய்ச்சின எண்ணெய். கிண்ணம் காலியாக இருந்ததைப் பார்த்து, பிள்ளை தட்டிக் கொட்டிவிட்டாள் போல என்று திண்டைத் துடைத்தேனே. அவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டி விட்டுவிட்டு நான் குளிக்கப் போனேன், அந்த நேரத்தில் செய்திருக்கிறாள். அப்பாவுக்கும் சனிக்கிழமைதானே. தலைக்குத் தேய்த்து, கன்னத்துக்குத் தேய்த்து, காதுக்குள் ஒரு சொட்டு விட்டிருப்பாள், எனக்குச் சொல்லவே வேண்டாம், நான் அவளுக்குச் செய்வதெல்லாம் வரிசையாகச் செய்திருப்பாள், பிறகு தலை காயட்டும் என்று படி ஏறி வெயிலில் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறாள், துண்டு சுற்றி, சளி பிடிக்காமல்.

எண்ணெயும் வெயிலும். ரப்பருக்கு ஆகாத இரண்டும் அவைதான் என்று ஆன்றோ எத்தனை தடவை சொல்லியிருப்பார், கல்யாணமாகி வந்த முதல் வாரமே சொன்னார், எனக்குப் பாளையங்கோட்டை, ரப்பர் என்றால் பென்சில் அழிக்கிறதுதான் தெரியும், இவர் ஊர் குலசேகரம், சுற்றிலும் ரப்பர் மரம், இவர் வேலையும் கையுறை செய்கிற கம்பெனியில், பால் வடியும் மரத்திலிருந்து விரல் நுனி வரைக்கும் எல்லாம் அத்துப்படி. "தலையில எண்ணெய் வச்ச கையோட அலமாரியத் தொடப்பிடாது, கேட்டியா? எண்ணெய் பட்டா ஊதும், பெறவு சதை மாதிரி தொங்கும், பெறவு ஒட்டுப்பாலுதான்." ஒட்டுப்பால் என்றால் மரத்திலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பால், சுரண்டி எடுத்துக் கூடையில் போட்டு வைப்பார்கள், தெருவே நாறும். அலமாரியைத் திறந்து காட்டின அன்றைக்கு நான் சத்தமே போடவில்லை, சிஸ்டர்கள் வளர்த்த பிள்ளை, பயந்தால் சத்தம் போடாமல் மூச்சைப் பிடித்துக்கொள்ளத்தான் தெரியும். வரிசையாகத் தலைகள். துணிக்கட்டு சுற்றிய எகிப்து ராஜா, நெற்றியிலும் கழுத்திலும் தையல் போட்ட பிணம், கோரைப்பல் பிரபு, குளத்திலிருந்து எழுந்து வந்த செதில்முகம், நடுவில் ஓநாய். ஒவ்வொன்றுக்கும் உள்ளே கழுத்தோரத்தில் சின்ன முத்திரை பதிந்திருக்கும், படம் எடுத்த கம்பெனியே அனுமதி கொடுத்துச் செய்வித்தது என்பதற்கு. அவருக்கு அந்த முத்திரைதான் உயிர். "சந்தையில கிடைக்கியது எல்லாம் போலி. இது லைசென்ஸ் உள்ளது. இவனுக்க மோறைதான் படத்தில வந்த மோறை, வேற யாருக்கும் இது இல்ல." மோறை என்றால் முகம், இவர்கள் ஊரில். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பவுடர் போடுவார், பிள்ளைக்குப் போடுகிற அதே பவுடர், உள்ளே காகிதம் அடைத்து, புருவத்தை வருடி, "உங்களுக்கு எங்களைவிட இவர்கள் மேல்தான் பாசம்" என்றால் "அவனுவளுக்குத் தாய் தகப்பன் இல்லல்லா" என்பார். வீடு மந்திரிக்க வந்த பாதர் அலமாரியைத் திறந்துவிட்டார் ஒருதடவை. திறந்தவர் சிலுவை போடவே மறந்துபோய் நிற்க, ஆன்றோ, "பாதர், இவனுவளுக்கும் ஒரு ஜெபம். தண்ணி மட்டும் தெளிக்காதீங்கோ, ரப்பராக்கும்" என்றார். பாதர் தெளிந்து, "ஞானஸ்நானம் குடுத்தாச்சாடே இவனுவளுக்கு?" என்று கேட்க, கீழ்வீட்டு ஷைனி மைனி வாசலில் நின்றபடி, "குடுத்திருந்தா இந்தக் கோலத்தில இருப்பானுவளா பாதர்? இவனுக்கே குடுத்தது பத்தல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மைனி அவருக்கு அக்காள், தம்பியைத் திட்டாமல் ஒரு நாள் சோறு இறங்காது அவளுக்கு. அந்தச் சிரிப்பில் என் பயமும் அன்றைக்குப் போனது என்று நினைத்தேன், பயம் அப்படியெல்லாம் போவதில்லை, அது அலமாரியை விட்டு இறங்கி வீட்டுக்குள் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது.

தூக்கப் போனேன், வரவில்லை, கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. மெதுவாக, மெதுவாக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உரித்தேன், புண்ணில் ஒட்டின பஞ்சை அவருக்கு உரிப்பேனே அந்த மாதிரி, ஒரு நூல் ஒரு நூலாக, கடைசியில் வந்தது, தாடை வரவில்லை. இடது பக்கத்துத் தாடை தரையிலேயே தங்கிவிட்டது, பழுப்பாக, பசையாக, மேலே சில மயிரோடு. கையில் இருந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடது கன்னம் வழிந்து உதட்டை இழுத்துக்கொண்டு கீழே போயிருந்தது, உதட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை, ஒரு குழி. மாதாவே. இதை நான் பார்த்திருக்கிறேன். இதை நான் ஆறேழு மாதம் தினமும் துடைத்துக் கழுவி மருந்து வைத்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கொண்டுவந்தபோது கட்டு, கட்டுப் பிரித்தபோது இது. இடது பக்கம், இதே இடது பக்கம். வெற்றிலை தொட்டதில்லை, பீடி தெரியாது, வாயில் ஒரு வெள்ளைத் திட்டு வந்து அது ஆறாமல் இருந்து புற்றாகி இப்படி ஆனது, யாருக்கும் வரலாம் என்றார் டாக்டர், அந்த யாருக்கும் என்ற சொல்லைத்தான் நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன், அன்சி தூங்கின பிறகு செல்போன் வெளிச்சத்தில் அவள் வாயைத் திறந்து பார்க்கிறேன், பால் பல், ரோஜா நிறத்தில் ஈறு, ஒன்றும் இல்லை, நாளைக்கும் பார்ப்பேன். அவர் என்னைவிடத் தைரியசாலி. காதிலிருந்து மோவாய்வரை போட்டிருந்த தையலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சொற்கள் உருண்டு உருண்டு விழ, "நானும் அலமாரியில ஏறியாச்சு டெல்பின். முத்திரைதான் இல்ல" என்றார், நான் சிரித்தேன், பிறகு குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அது நடந்தது. கிறிஸ்துமஸ் குடில்கூடப் பிரிக்கவில்லை. அன்சிக்கு அப்போது மூன்று நிறையவில்லை, ஒரு மாதமாக மைனியோடு இருந்தவள், கார் சத்தம் கேட்டதும் "அப்பா" என்று ஓடி வந்தாள், அவர் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தைச் சுற்றியிருந்த துண்டை எடுத்து, கைகளை விரித்தார். பிள்ளை பாதியில் நின்றாள். அதுவரைக்கும் அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை, இனிமேல் கேட்கவும் வேண்டாம். தொடையோடு மூத்திரம் போய்விட்டது பிள்ளைக்கு. மைனி அவளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓட, அவர் விரித்த கையை மடக்கத் தெரியாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து அறைக்குள் போனார், அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் ஓநாய். பேய் முகத்தைப் பார்த்து அலறின பிள்ளைக்கு இன்னொரு பேய் முகமா என்று நான் குறுக்கே போனேன், ஆனால் மைனியின் தோளிலிருந்து அன்சி எட்டிப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், ஓநாய் தலையைச் சாய்த்து ஒரு ஊளை விட்டது, அவள் நடக்கப் படிக்கும்முன்பே தெரிந்த விளையாட்டு அது, சிரித்துவிட்டாள். "அப்பா" என்றாள். ஓநாயிடம் போனாள். அன்றிலிருந்து அவள் விழித்திருக்கிற நேரமெல்லாம் அவருக்கு ஓநாய்தான். வாய் பெரிதாகத் திறந்திருப்பதால் வீக்கத்தில் இடிக்காது என்று அதைத்தான் வைத்துக்கொண்டார். ஆனாலும் உள்ளே கழுத்தோரம் தையலில் உரசிப் புண்ணானது, சரியாக அந்த முத்திரை இருக்கிற இடம். கத்தரிக்கோலை எடுத்து என் கையில் தந்தார். "வெட்டு." நான் தயங்கினேன். முத்திரை ஓரத்தில் நகம் பட்டாலே என்னோடு ஒரு வாரம் பேசாதவர். "வெட்டு பிள்ளே, வலிக்கிது." வெட்டினேன். விழுந்த துண்டைக் குனிந்து எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஜன்னல் வழியாகத் தென்னைக்குப் போட்டார்.

பங்குனி, சித்திரை வெயிலில் அந்த ரப்பருக்குள். மத்தியானம் சாய்வு நாற்காலியில் முகமூடியோடேயே தூங்கிப்போவார், மோவாய் நெஞ்சில் விழுந்து, இல்லாத மோவாய், அன்சி காலடியில் பாத்திரமும் தண்ணீரும் வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள், நான் அடுக்களையில். தூங்கும்போதாவது கழற்றுங்கள் என்றால் கேட்கமாட்டார், "அவ பாத்துருவா, பேடிச்சுப்போவா" என்பார், பயத்துக்கு இவர்கள் ஊரில் பேடி. ஒருநாள் நான் வந்து பார்க்கும்போது ஓநாயின் கண் ஓட்டைகள் அவர் காதுப்பக்கம் திரும்பிக் கிடந்தன, தூக்கத்தில் புரண்டிருக்கிறார், மூச்சு முட்டியிருக்குமே என்று பயந்து நேராக்கினேன். விழித்துக்கொண்டு சொன்னார், ஒரு கனவு, சின்னக் கை ஒன்று, குளிர்ந்த கை, கன்னத்தில் வந்து வைத்தது. அதுவும் இடது கன்னத்தில். "மரத்துப்போன பக்கம் டெல்பின். டாக்டர் ஊசியால குத்தினாக்கூடத் தெரியல, கனவில மட்டும் தெரியுது பாரு." எனக்கு அது கெட்ட சகுனமாகப் பட்டது, காவல் சம்மனசு என்கிற தேவதூதரோ, இறந்துபோன யாரோ, அவரைக் கூட்டிப்போக வந்த கை என்று நினைத்து, ஐந்தாம் வகுப்பில் சிஸ்டர் கொன்சிலியா சொல்லிக் கொடுத்த சம்மனசு ஜெபத்தை அன்று முழுக்க முணுமுணுத்தேன். பயந்தமாதிரியே ஆனியில் போனார். கடைசி நாள் மூச்சு இழுக்கும்போதுகூட அவர் கை நாற்காலிப் பக்கம் தேடியது, ஓநாயை எடுத்துக் கொடுத்தேன், மாட்டத் தெம்பில்லை, நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிள்ளையைக் கூப்பிடவா என்றேன். தலையை ஆட்டினார், வேண்டாம். அந்த வேண்டாம். பெட்டியில் வைத்தபோது தாடைவரை வெள்ளைத் துணி. அன்சியை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டோம். அப்பா ஏசப்பாவிடம் போய்விட்டார் என்று நான் சொன்னபோது அவள் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஓநாயை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள், "தலைய விட்டுட்டா போனாவ?"

பவுடர். பவுடர் போட்டால் எண்ணெயை இழுக்கும். ஓடிப்போய் எடுத்துவந்து கொட்டினேன், பவுடரும் எண்ணெயும் சேர்ந்து மாவாகக் குழைந்து விரலோடு வந்தது, அதோடு புருவமும் வந்தது, நிறுத்தினேன். வாத்துத் துண்டால் ஒற்றினேன். தபசு காலத்தில் சிலுவைப்பாதை நடத்தும்போது ஆறாம் ஸ்தலத்தில் மட்டும் சிஸ்டர் கொன்சிலியா குரல் இறங்கிவிடும், வெரோணிக்கம்மாள் துடைத்த துணியில் ஆண்டவருடைய முகம் அப்படியே பதிந்ததாம் பிள்ளைகளே, அன்போடு துடைத்தால் பதியும். துண்டைத் திருப்பிப் பார்த்தேன். காப்பி கொட்டினது போல ஒரு கறை, வாத்தின் மேலே. அவ்வளவுதான். நான் எத்தனை நாள் எத்தனை துணியால் துடைத்தேன், ஒன்றிலும் ஒன்றும் பதியவில்லை, சீழும் மருந்தும்தான், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அதுவும் போய்விடும். இப்போது கீழே போய் இதை நாற்காலியில் வைத்தால். எழுந்ததும் அந்த நாற்காலியைத்தான் முதலில் பார்ப்பாள், கண் திறக்காமலே கையை நீட்டித் தடவுவாள். அந்தக் கை இந்தக் குழிக்குள் போகும். அந்தச் சத்தம் திரும்ப வரும். அதுவும் இன்றைக்கு, குளிப்பாட்டித் துவட்டிக் காயவைத்ததற்குக் கூலியாக. அவளுக்கு அப்பா என்றால் இந்த ஒரு முகம்தான், கல்யாணப் படத்தைக் காட்டி இது யார் என்றால் "மாமன்" என்கிறாள், அந்தப் படத்து ஆளை அவளுக்கு ஞாபகமில்லை, வாசலில் பார்த்த ஆளை அவள் மறந்திருக்க வேண்டும் என்றுதான் தினம் ஜெபிக்கிறேன், மீதி இருந்தது இந்த ஓநாய். இதுவும் அந்த வாசல் முகமாக மாறிவிட்டால் பிள்ளைக்கு அப்பா என்பதே ஒரு அலறலாகிவிடாதா. அலமாரியில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், ராஜாவைக் கொண்டுவந்து வைக்கலாமா, அப்பா வேறு முகம் மாற்றிக்கொண்டார் என்று சொல்லலாமா, கேட்பாளா, கேட்கமாட்டாள், என் பிள்ளை. அப்பா வந்து தலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னால். எப்ப வந்தாவ, என்னை ஏன் எழுப்பல என்பாள்.

"எடி டெல்பினே! மழை இந்தா வந்துட்டு, துணிய எடுத்தியா, இல்ல அங்கயே கிறங்கி நிக்கியா?" ஷைனி மைனி, கீழே முற்றத்திலிருந்து. நான் துண்டால் மூடுவதற்குள் படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது, வந்தவள் என்னைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள், தரையில் ஒட்டியிருந்த தாடையைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து ஏதோ திட்டத்தான் வாயெடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்க தம்பி" என்றாள். வழிந்த கன்னத்தை விரலால் தொட்டு, "அப்பிடியேல்லா இருக்கு" என்றாள். எண்ணெய் தேய்த்தது யார் என்று நான் சொன்னதும் அழுகையும் சிரிப்புமாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ரப்பர்காரன் மவளுக்கு ரப்பர்ல எண்ணெய் தேய்க்கப்பிடாதுன்னு தெரியல பாரு. அவன் இருந்தா அவளுக்குத் தொலி உரிச்சிருப்பான். உரிப்பானா? எங்க உரிக்க, அவளுக்கு முன்ன அவனுக்குப் பேச்சே வராது." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காள் ஆனாள். "தா இஞ்ச. பிள்ள எழும்பதுக்கு முன்ன நான் கொண்டுபோய் ஒட்டுப்பால் கூடையில போடுதேன், திங்களாழ்ச்ச எடைக்காரன் வருவான், ஒண்ணோட ஒண்ணாப் போவட்டு." நான் கொடுக்கவில்லை. "மைனி, அவ கேப்பா." "கேப்பா. ரெண்டு நாள் கேப்பா, மூணாம் நாள் மறப்பா. இதப் பாத்தா சாவுத வரைக்கும் மறக்கமாட்டா. அண்ணைக்கு என் தோள்ல அவ கெடந்து வெட்டுனது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உடம்பு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டு வெட்டிச்சு மக்ளே. தா." அவள் சொல்வது சரிதான், சரியான விஷயத்தைச் சொல்கிறவர்களிடம் கொடுத்துவிடத்தான் வேண்டும், பாதி கொடுத்தும்விட்டேன், ஆனால் ரப்பர் என் உள்ளங்கையை விடவில்லை, நான்தான் விடவில்லை என்று மைனி நினைத்து இழுத்தாள், காது ஒன்று நீண்டு வந்தது, இரண்டு பேரும் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டோம்.

"அப்பா காய்ஞ்சாச்சா?" படி முடிகிற இடத்தில் நின்றாள், ஜட்டி மட்டும் போட்டுக்கொண்டு, ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு, எண்ணெய்க் குளியல் கழிந்த மயிர் நாலாபக்கமும் பறந்துகொண்டு. எப்போது எழுந்தாள், எப்படி நான் கேட்காமல் போனேன், இன்னும் நேரம் இருக்கிறது என்றல்லவா நினைத்தேன். மைனி எழுந்து குறுக்கே நின்று, "மக்ளே, அத்தைக்கிட்ட வா, கீழ முறுக்கு இருக்கு" என்றாள், அன்சி அத்தையின் காலுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து வந்துவிட்டாள். நான் முகத்தை மடிக்குள் கவிழ்த்தேன். "காமி." "இல்லம்மா, இன்னும் காயல." "காமிம்மா." அவள் கையைப் பிடித்தேன், அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பசையில் ஒட்டினவற்றை ஊதி ஊதி, வலிக்காமல், திருப்பினாள். நான் முகமூடியைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது திறக்கும், இப்போது திறக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வாய் திறக்கவில்லை. குனிந்து உட்கார்ந்தாள், கையை எடுத்து அந்தக் குழியில் வைத்தாள், கண்ணாமூச்சியில் ஒளிந்திருந்த ஆளைக் கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள், "வெளிய வந்துட்டு."

"எது மக்ளே?" என்றாள் மைனி. "உள்ள இருந்த மோறை. அப்பாக்க மோறை." மைனி என்னைப் பார்த்தாள். நான் கேட்டேன், "உள்ளே இருந்ததை நீ எப்போ பாத்த?" "அப்பா உறங்கும்போ. பொக்கிப் பாத்தேன்." இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள், ஒரு மூடியைத் தூக்குவதுபோல. "கை வச்சேன். இஞ்ச." இடது கன்னம். எனக்குக் காதுக்குள் வெயில் இரைந்தது, சாய்வு நாற்காலி, காதுப்பக்கம் திரும்பிக் கிடந்த கண் ஓட்டைகள், சின்னக் கை, குளிர்ந்த கை, தண்ணீரில் பாத்திரம் வைத்து விளையாடிக்கொண்டிருந்தவளின் கை. "பயமா இல்லையா உனக்கு?" இல்லை என்று தலையாட்டினாள், இதென்ன கேள்வி என்பதுபோல. "அப்புறம் ஏன்டி சொல்லல? அம்மாகிட்ட சொல்லலாமே, அப்பாகிட்ட... அப்பாகிட்ட ஒரு வார்த்தை..." என் கை அவள் தோளை உலுக்குகிறது என்று மைனி பிடித்து நிறுத்தின பிறகுதான் தெரிந்தது. அன்சி கோபித்துக்கொள்ளவில்லை. ரகசியம் சொல்கிறவள்போல என் காதுப்பக்கம் வந்தாள், வாயில் இன்னும் தூக்கத்தின் மணம். "திரும்ப மூடி வச்சேன்லா. அப்பாவுக்குத்தான் பேடி."

முதல் சொட்டு அவள் மூக்கில் விழுந்தது. நிமிர்ந்து மேலே பார்த்தாள், உடனே குனிந்து, கறை பிடித்த வாத்துத் துண்டை எடுத்து ஓநாயின் தலையில் போட்டு மூடி, "தண்ணி படப்பிடாது" என்று அவர் சொல்வதைப்போலவே சொல்லிக்கொண்டு, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு படி இறங்கினாள், ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, மெதுவாக. மைனி அவள் பின்னாலேயே போனாள். மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணியெல்லாம் அப்படியே கிடந்தன, நான் ஒன்றையும் எடுக்கவில்லை.